105 காட்டினால் என்ஜின் போச்சா?

ஆலத்தியூர்ப் பக்கம் பழைய மாருதி 800 வைத்திருப்பவருக்குத் தூசிக்கும் ஆலோசனைக்கும் பஞ்சமே இல்லை. காலையில் மிஸ்ஃபயர் அடித்தால் போதும், "ரிங் தேஞ்சிருச்சு சார், என்ஜினை இறக்கிடலாம்" என்று தீர்ப்பு வந்துவிடும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டி என்பதால் நம்பவும் தோன்றும். ஒரு காலத்தில் கடலாகக் கிடந்த மண் இது. அந்தக் கடலின் தூள்தான் இப்போது ஏர் ஃபில்டரில் அடைகிறது. அது உள்ளே புகுந்தால் ரிங்கையும் போரையும் தேய்க்கும் என்பதும் உண்மை.

என் கார்புரேட்டர் மாடல் வண்டிக்கு முதலில் எடுத்த கம்ப்ரஷன் ரீடிங் 110, 105, 80 பிஎஸ்ஐ. மொத்த என்ஜினும் தளர்ந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் என்ஜின் ஆறிக் கிடந்தது, கேஜ் மாட்டிய சிலிண்டரில் மட்டும் பிளக்கைக் கழற்றினார்கள், ஆக்ஸிலேட்டரை யாரும் மிதிக்கவில்லை. த்ராட்டில் மூடியிருந்தால் சிலிண்டருக்குக் காற்றே சரியாகப் போகாது. போகாத காற்றை அமுக்கி முள் எப்படி ஏறும்?

அரியலூரில் வேறொரு பட்டறையில் மறுபடி பார்த்தோம். வண்டியைச் சூடேற ஓட்டி, மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பைப் பிடுங்கி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தோம். பேட்டரி நல்ல சார்ஜில் இருந்தது. 155, 150, 110.

155 நல்லதா என்று அலச வேண்டாம். கேஜுக்குக் கேஜ் மாறும். இதே என்ஜின் ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துக் காட்டும். சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் பேசும். குறைந்த ரீடிங் கூடியதில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும்.

முள் ஏறும் விதத்தையும் கவனியுங்கள். ரிங் தேய்ந்திருந்தால் முதல் அமுக்கில் தாழ்ந்து நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். வால்வ் கசிந்தால் அடுத்தடுத்த அமுக்கிலும் பெரிதாக ஏறாது. எங்கள் மூன்றாவது சிலிண்டர் இரண்டாவது ரகம். பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டுப் பார்த்தோம், 115-ஐத் தாண்டவில்லை. ரிங் கோளாறென்றால் ஆயில் இடைவெளியை அடைத்து முள் நன்றாகவே ஏறியிருக்கும்.

அடுத்து, இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டோம். (காற்று வேகத்தில் என்ஜின் சுழன்றுவிடும், கிராங்கில் ஸ்பேனரை விட்டுவைக்காதீர்கள்.) ஆயில் மூடியில் சீறினால் ரிங், கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வ், ரேடியேட்டரில் குமிழ் விட்டால் ஹெட் கேஸ்கெட். எங்களுக்குச் சைலன்ஸரில் சீறியது, அதாவது எக்ஸாஸ்ட் வால்வ்.

வண்டி பல வருஷம் எல்பிஜியில் ஓடியது. காஸில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் சீக்கிரம் தேய்ந்து, வால்வ் உள்வாங்கி, டேப்பட் கேப் குறைந்துவிடும். பிறகு வால்வ் முழுதாக மூடாது. கசிகிற சூட்டில் எரியத் தொடங்கும். அந்த வால்வில் ஃபீலர் கேஜ் நுழையவே இல்லை. கேப் வைத்ததும் 125 ஆனது. மீதிக்கு ஹெட்டைக் கழற்றி, வால்வ் மாற்றி, சீட் வெட்டி, லேப்பிங் செய்தோம்; 150 வந்தது. ரிங்கைத் தொடவே இல்லை.

காஸில் ஓட்டுகிறவர்கள் டேப்பட் கேப்பை அடிக்கடி பாருங்கள். ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், அது அலுமினியம் என்பதால், மாட்டுவதற்கு முன் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள்.