இரவில் தாழும் இரத்த அழுத்தமும் கண் நரம்பும்

கண்ணுக்குள் அழுத்தம் மிகுவதால் வரும் நோயே கிளாக்கோமா என்பது பலரின் எண்ணம். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மை அன்று. கண்ணழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் என்ற இயல்பான அளவில் இருப்பவர்க்கும் இந்நோய் வருவதுண்டு. அதற்குத் துணைபோகும் காரணங்களுள் ஒன்று, நாம் உறங்கும்போது நிகழ்கிறது.

கிங்ஸ் சர்க்கிள் மாடி வீடுகளில் குடியிருப்போர்க்கு இதனை விளக்குவது எளிது. குழாய்நீரின் விசை குறைந்தால் கீழ்வீட்டில் குடம் நிரம்பும். மேல்மாடிக் குழாயிலோ காற்றுத்தான் வரும். பார்வை நரம்பும் அத்தகைய மேல்மாடிக் குழாயே. கண்ணழுத்தத்தை எதிர்த்துத் தள்ளிக்கொண்டுதான் இரத்தம் அதனுள் புக வேண்டும்.

உறக்கத்தில் இரத்த அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு தாழ்வது இயற்கை. படுத்திருக்கையில் கண்ணழுத்தமோ சற்று ஏறும். தள்ளும் விசை குறைய, தடுக்கும் விசை கூடுகிறது. நலமான நரம்பு இதனைச் சமாளித்துக்கொள்ளும். நலிந்த நரம்புக்கோ, வீழ்ச்சி மிகும்போது இரத்தம் போதாமற் போகலாம். மடிந்த நரம்பிழை மீண்டும் தளிர்ப்பதில்லை.

பஞ்சாபில் பிறந்து, அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கண் மருத்துவ அறிஞர் சோகன் சிங் ஹேரே, பார்வை நரம்பு நோயாளிகளுக்கு 24 மணி நேரமும் இரத்த அழுத்தத்தை அளந்து, 1994ஆம் ஆண்டில் இவ்வாபத்தை எடுத்துக்காட்டினார். இரத்த அழுத்தத்திற்கான மாத்திரையை இரவில் உண்பது வீழ்ச்சியை மேலும் மிகுவிக்கலாம் என்பதும் அவர் எச்சரிக்கை.

நம் மாதுங்கா இல்லங்களில் பெரியவர்கள் இரவு உணவுக்குப்பின் அம்மாத்திரையை விழுங்கிப் படுப்பதை நான் கண்டிருக்கிறேன். பகலில் அளந்தால் அழுத்தம் சரியாகவே இருக்கும். பின்னிரவு மூன்று மணிக்கு எவ்வளவு தாழ்ந்தது என்பதை அவ்வளவு காட்டாது. கையில் கட்டிக்கொண்டு நாள் முழுதும் அளக்கும் கருவியே அதனைக் காட்டும்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடச் சொல்லாதீர்கள்! அது பக்கவாதத்திற்கும் மாரடைப்பிற்கும் வழி திறப்பதாகும். கிளாக்கோமா உள்ளவர், தாம் உண்ணும் மாத்திரையையும் வேளையையும் கண் மருத்துவரிடமும், கண் நோயைப் பொது மருத்துவரிடமும் சொல்லட்டும். வேளையை மாற்றுவது அவர்கள் பொறுப்பு.

சென்னை சங்கர நேத்ராலயா 2001 முதல் 2004 வரை, 40 வயதைக் கடந்தோரிடையே நடத்திய ஆய்வில், இந்நோய் உடையோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதனை அறியாமலே இருந்தனர். வலியின்றி, ஓரப்பார்வையை முதலில் அரிக்கும் நோய் இது. ஆகவே, நாற்பதைக் கடந்த பெற்றோரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குடும்பத்தில் ஒருவர்க்கு இந்நோய் இருப்பின், நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இழந்த பார்வையை எம்மருந்தும் மீட்டுத் தாராது. எஞ்சியதைக் காக்க மருத்துவம் உண்டு.