செம்மண்ணில் மணிச்சத்துப் பூட்டும் தொழு உரமும்

செம்மண் நிலத்தில் ஆண்டுதோறும் சூப்பர் பாஸ்பேட் இட்டும் பயிரில் மணிச்சத்துப் பற்றாக்குறை தென்படுவதைக் கண்டிருப்பீர்கள். இடும் மணிச்சத்தில் முதல் பயிர் எடுத்துக் கொள்வது பொதுவாக 15 முதல் 20 விழுக்காடுதான். மீதியில் பெரும்பகுதி மண்ணிலேயே பூட்டப்பட்டுக் கிடக்கிறது.

பூட்டுவது எது?

மண்ணுக்குச் செந்நிறம் தருவது ஹேமடைட், மஞ்சள் நிறம் தருவது கோதைட். இரண்டும் இரும்பு ஆக்சைடின் நுண்படிகங்கள். ஒரு கிராம் கோதைட் துகள்களின் மேற்பரப்பு பல பத்து சதுர மீட்டர் இருக்கும். மணிச்சத்து இப்பரப்பில் இறுக ஒட்டிக் கொள்கிறது. பஞ்சில் நீர் ஊறுவதுபோல் உள்ளே போவதன்று. சுவரில் சுண்ணாம்பு பற்றுவதுபோல் மேலே பற்றுவது. இதையே பரப்புக் கவர்ச்சி என்கிறோம். மண் புளிப்புத்தன்மை மிகுந்திருந்தால் பிடிப்பும் மிகும்.

எல்லாப் பொருளும் ஒட்டுமா?

ஒட்டாது. படிகப் பரப்பு ஆள் பார்த்தே இடம் தரும். சர்க்கரை பெரும்பாலும் ஒட்டுவதில்லை. ஒரே அமிலத்தொகுதி உள்ள அசெட்டிக் அமிலம் லேசாக ஒட்டும். இரண்டு, மூன்று அமிலத்தொகுதிகள் உள்ள ஆக்சாலிக், மாலிக், சிட்ரிக் அமிலங்கள் இரு கையாலும் பற்றுவதுபோல் உறுதியாக ஒட்டும். மணிச்சத்து அமர வேண்டிய இடத்தை இவை முன்னதாகப் பிடித்துக் கொண்டால், அந்த அளவு மணிச்சத்து வேருக்கு மிஞ்சும். தொழு உரம் மக்கும்போது இத்தகைய அமிலங்களும் மட்குப் பொருள்களும் உண்டாகின்றன.

துவரையின் வேர் வேறொரு வழியில் இதைச் சாதிக்கிறது. அது சுரக்கும் பிசிடிக் அமிலம் இரும்பைப் பற்றி மணிச்சத்தை விடுவிப்பதை, ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவிலுள்ள இக்ரிசாட் நிலைய ஆய்வு 1990-ல் வெளியிட்டது.

செய்ய வேண்டியவை

1. மானாவாரி நிலத்தில் எக்டருக்கு 750 கிலோ (ஏக்கருக்கு 300 கிலோ) நன்கு மக்கிய தொழு உரத்தைத் தூளாக்கிக் கொள்ளவும்.

2. பயிருக்குப் பரிந்துரைத்த மணிச்சத்து முழுவதையும் சூப்பர் பாஸ்பேட்டாக அதில் கலக்கவும். 10 கிலோ மணிச்சத்துக்கு 62.5 கிலோ சூப்பர் தேவை.

3. ஈரப்பதமாக்கி, நிழலில் ஒரு மாதம் மூட்டம் போட்டு வைக்கவும்.

4. விதைக்கும்போது விதைச்சாலிலேயே இடவும். அமிலங்களை நுண்ணுயிர்கள் விரைவில் சிதைத்துவிடும். பரக்கத் தூவினால் மணிச்சத்து புதிய படிகப் பரப்புகளிடம் சிக்கும்.

சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் மணிச்சத்தைப் பிடிப்பது பெரும்பாலும் கால்சியமே. ஆகவே மண் பரிசோதனை செய்து, அதன்படி உர அளவை முடிவு செய்யுங்கள். காசு கொடுத்து வாங்கும் சூப்பர் மண்ணுக்குப் போகாமல் பயிருக்குப் போக, ஒரு மாதம் முன்னதாகவே மூட்டத்தைத் தொடங்குங்கள்.