அச்சுப் பிழையா, அடிபட்ட காசா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் ஓட்டுகிறவருக்கு நாணயப் பிழையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. தகடு நகர்ந்தால் பீஸ் என்ன ஆகும், டை வெடித்தால் தடம் எப்படி விழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாணயமும் பிரஸ்ஸில் பிறப்பதுதான். உலோகப் பட்டையிலிருந்து வட்ட வில்லை வெட்டுவார்கள். அதன் விளிம்பைத் தூக்குவார்கள். பிறகு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் அச்சு கொடுத்து அழுத்துவார்கள். இந்த வேலைக்குள் நடந்த தவறுதான் சேகரிப்போர் தேடும் ‘எரர்’. நாணயச்சாலையை விட்டு வெளியே வந்தபின் சுத்தியலும் அரமும் தண்டவாளமும் செய்தது வெறும் சேதம். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

1. கருவிகள்

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, வெர்னியர், காந்தம், ஒரு நோட்டு. இதற்கு மேல் ஆரம்பத்தில் எதுவும் வேண்டாம்.

2. சில்லறை பிடியுங்கள்

கவரைப்பேட்டைக்குப் பக்கத்திலேயே சிறுவாபுரி முருகன் கோயில். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பூக்கடை, தேங்காய்க்கடைகளில் காசு புழங்கும். நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குங்கள். பார்த்து முடித்ததை மறுபடி புழக்கத்தில் விடுங்கள். பல கடைகளில் வாங்கத் தயங்கும் பத்து ரூபாய் நாணயத்தையும் விடாதீர்கள். அதுவரை வந்திருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. நடுவட்டமும் வெளிவளையமும் தனித்தனி உலோகம் என்பதால் பிழைக்கு அதில் கூடுதல் இடம் உண்டு.

3. சரியான காசை முதலில் படியுங்கள்

1992 முதல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 4.85 கிராம், 25 மி.மீ. 2011-ல் அறிமுகமான வரிசையில் 3.79 கிராம், ஏறக்குறைய 22 மி.மீ. பழைய பதினொரு பக்க இரண்டு ரூபாய் 6 கிராம். அதில் காந்தம் ஒட்டாது. எடை பெரிதாகப் பிசகினாலோ, ஒட்டக்கூடாத காசில் காந்தம் ஒட்டினாலோ தனியே எடுத்து வையுங்கள்.

ஆண்டுக்குக் கீழே உள்ள குறியையும் பாருங்கள். வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. ‘குறி விட்டுப்போன காசு’ என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 1985-ல் ‘எச்’ என்ற எழுத்துடன் வந்தவை பர்மிங்காமில் அடித்து இறக்குமதியானவை. 2012 என்று பொறித்த வைஷ்ணோ தேவி நாணயம் நினைவு வெளியீடு. இரண்டுமே பிழையல்ல.

4. பிழையைப் பரிசோதியுங்கள்

மைய விலகல்: வில்லை சரியாக உட்காராததால் படம் ஒருபுறம் ஒதுங்கி, மறுபுறம் பிறைபோல் வெற்றிடம் இருக்கும்.

சுழற்சி: இன்றைய காசில் சிங்க முத்திரையை நிமிர்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். லேசான சாய்வு சகஜம். கால்வட்டம், அரைவட்டம் திரும்பியிருந்தால்தான் மதிப்பு.

அச்சு வெடிப்பு: கோட்டை லென்ஸில் பாருங்கள். மேடாக இருந்தால் அச்சின் வெடிப்புக்குள் உலோகம் புகுந்திருக்கிறது. பள்ளமாக இருந்தால் கீறல்.

வெட்டுப் பிழை: முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் பஞ்ச் மறுபடி விழுந்தால் காசின் ஓரத்தில் ஒரு கடி இருக்கும். அந்தக் கடிக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். விளிம்பைத் தூக்கும்போது கடிபட்ட பக்கம் பிடிமானம் தராததால் எதிர்ப்பக்கமும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அரத்தால் ராவிய காசில் எதிர் விளிம்பு ஒழுங்காகவே இருக்கும்.

கண்ணாடிப் பிம்பம்: அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதே படம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். இரண்டு காசை வைஸில் நெருக்கியும் இப்படிச் செய்வார்கள். அப்போது பழைய படத்தின் எச்சம் அடியில் தெரியும், மறுபக்கமும் நசுங்கியிருக்கும்.

5. பழங்காசுக்குக் கணக்கு வேறு

1613-ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டை எழுப்பிய பழவேற்காடு நமக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே நாணயச்சாலையும் நடந்தது. அவர்களுடைய கம்பெனி முத்திரையிட்ட செப்புக்காசுகள் வந்தன. கையால் அடித்த காசில் முத்திரை ஒதுங்குவதும் பாதி எழுத்து வெளியே போவதும் இயல்பு. அதற்கு ‘எரர்’ விலை கொடுக்காதீர்கள். இரட்டை அடி, கண்ணாடிப் பிம்பம் இருந்தால் யோசிக்கலாம்.

1911 ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாயில், அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டு திருத்தினார்கள். ‘பன்றி ரூபாய்’க்கு மவுசு உண்டு. ஆனால் அது வடிவமைப்புக் குறை, அச்சடிப்புப் பிழையல்ல.

மண் தோண்டும்போது புதையலாகக் காசு கிடைத்து, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், 1878 புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

6. வாங்குமுன், விற்குமுன்

வீடியோக்களில் சொல்லும் லட்சங்களை நம்பாதீர்கள். பழைய நாணய வியாபாரத்தில் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். சென்னையில் நாணயக் கண்காட்சி நடக்கும்போது காசை நேரில் காட்டி நாலு பேரிடம் கேளுங்கள். ஆசைக்காகக் காசை வெட்டிப் பிழை ‘தயாரிப்பது’ வேண்டாம். நாணயத்தை அழிப்பது 2011 நாணயச் சட்டப்படி தண்டனைக்குரியது.

7. பத்திரப்படுத்துங்கள்

புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் மதிப்பு போச்சு. கழுவவே வேண்டாம். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். மலிவான பிவிசி உறை பச்சை பிடிக்க வைக்கும். அட்டைச் சட்டமே நல்லது. கடற்காற்று எட்டும் ஊர் என்பதால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஒவ்வொரு காசுக்கும் ஆண்டு, குறி, எடை, பிழை வகை, கிடைத்த இடம் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். பிழை என்று ஏன் முடிவு செய்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள். அந்த வரியை எழுத வரவில்லையென்றால் அந்தக் காசு டீக்கடைக்கே போகட்டும்.