அரபுத் திரையில் அகமும் புறமும்

ஒரு மக்களினம் தன் மண்ணை இழந்த வரலாற்றை இரு வழிகளில் சொல்லலாம். போர், உடன்படிக்கை, எல்லைக்கோடு என்று சொல்வது ஒரு வழி. ஒரு வீட்டின் அடுப்படியிலிருந்து தொடங்கிச் சொல்வது மற்றொரு வழி. முன்னதைப் புறம் என்றும் பின்னதை அகம் என்றும் கொள்வோமானால், பாலஸ்தீன மக்களைப் பற்றிய சிறந்த அரபுத் திரைப்படங்கள் அகத்தின் வழியாகவே புறத்தைக் காட்டுகின்றன எனலாம். மூன்று படங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1948-ஆம் ஆண்டுப் போரின்போது ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீனர் வீடும் நிலமும் இழந்து வெளியேற நேர்ந்தது. அதனை அரபு மக்கள் 'நக்பா', அதாவது பேரழிவு, என்பர். பன்னிரண்டு வயதில் அவ்வாறு வெளியேறியவர் எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி. அவருடைய 'வெயிலில் மனிதர்கள்' என்னும் குறுநாவலை, எகிப்திய இயக்குநர் தௌஃபீக் சாலிஹ் சிரியாவில் 1972-இல் 'ஏமாற்றப்பட்டவர்கள்' என்ற படமாக்கினார். அதே ஆண்டு ஜூலையில் கனஃபானி பெய்ரூட் நகரில் கார்க்குண்டுக்குப் பலியானார்.

கதை எளியது. மூன்று தலைமுறைகளைச் சேர்ந்த மூவர், பிழைப்புத் தேடிக் குவைத்துக்குக் கள்ளத்தனமாகச் செல்ல, ஒரு தண்ணீர் லாரியின் வெறுந்தொட்டிக்குள் ஒளிகின்றனர். அவர்களை அங்கே தள்ளியது எது? முதியவர் அபூ கைஸ் தம் ஒலிவ மரங்களை இழந்தவர். அசத் உறவினர் ஒருவரிடம் வழிச்செலவுக்குப் பணம் வாங்கியவன். அவர் மகளை மணக்க வேண்டும் என்பதே அப்பணத்தின் விலை. பதினாறு வயது மர்வானின் நிலையோ இன்னும் கொடியது. அவன் தந்தை தாயை விலக்கிவிட்டு, யாஃபா நகரக் குண்டுவீச்சில் ஒரு காலை இழந்த பெண்ணை மணக்கிறார். ஏன்? அவளுக்குக் காரைக் கூரை போட்ட ஒரு வீடு இருக்கிறது! அந்தத் தந்தையைக் கயவர் என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. அகதி முகாமில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவருக்குக் கூரை என்பது எத்துணைப் பெரிய கனவு! மண் பறிபோனபின் கணவன், மனைவி, மகன் என்ற உறவுகளும் ஒவ்வொன்றாகப் பறிபோவதை இப்படம் காட்டுகிறது.

எல்லைச் சாவடியில் அதிகாரிகள் ஓட்டுநனை நிறுத்தி வேடிக்கை பேசுகின்றனர். வெயிலில் கொதிக்கும் தொட்டிக்குள் மூவரும் மடிகின்றனர். நாவலில் தொட்டியிலிருந்து ஓசையே எழுவதில்லை. ஏன் தட்டவில்லை என்று ஓட்டுநன் அலறுகிறான். படத்திலோ அவர்கள் தட்டுகின்றனர். குளிர்சாதனப் பொறிகளின் இரைச்சலில் அது எவர் செவிக்கும் எட்டவில்லை. இச்சிறு மாற்றத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். நாவல் வினாவை அகதியிடம் எழுப்பியது. படம் அதே வினாவைக் கேளாச் செவிகளிடம் எழுப்புகிறது.

இனி, நாட்டைவிட்டு வெளியேறாதவர் கதை. நாசரேத்தில் பிறந்த மிஷேல் க்லெஃபி 1980-இல் எடுத்த 'வளமான நினைவு' ஓர் ஆவணப்படம். அதில் வரும் முதிய கைம்பெண் ஆடைத் தொழிற்சாலையில் உழைப்பவர். பறிக்கப்பட்ட நிலத்துக்கு ஈடு பெற்றுக்கொள்ளுமாறு பிள்ளைகளே வற்புறுத்துகின்றனர், தாய் இசையவில்லை. அவ்வீட்டுச் சச்சரவுக்குள் ஒரு நாட்டின் வழக்கே அடங்கிவிடுகிறது.

எலியா சுலைமான் 2009-இல் வெளியிட்ட 'எஞ்சியிருக்கும் காலம்' தம் தந்தையின் நாட்குறிப்புகளையும், நாட்டைவிட்டு வெளியேறிய உறவினர்க்குத் தாய் எழுதிய கடிதங்களையும் அடிப்படையாகக் கொண்டது. நாசரேத்திலேயே தங்கிய குடும்பம் அது. வீடு மாறவில்லை, ஆனால் வீட்டைச் சுற்றியிருந்த நாடு மாறிவிட்டது. இருந்த இடத்திலேயே ஒருவர் அயலாராவதும் ஒருவகைப் புலப்பெயர்வன்றோ?

குடும்பக் கதை அரசியலை மறைத்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். இம்மூன்று படங்களும் அவ்வச்சத்துக்கு விடை. கூரைக்காகப் பிரிந்த குடும்பத்தைக் கண்டவர், அக்கூரை ஏன் இல்லாமற்போயிற்று என்று கேளாதிருக்க முடியாது. புள்ளிவிவரம் இழப்பின் அளவைச் சொல்லும். குடும்பக் கதை அதன் எடையை நம் தோளில் ஏற்றும். நண்பர்களே, இப்படங்களைப் பார்க்கும்போது கண்ணோடு செவியையும் திறந்து வையுங்கள். தொட்டிக்குள்ளிருந்து தட்டும் ஓசை நமக்காவது கேட்கட்டும்.