முதலைக்குக் கணக்கு வராது

கேள்வி: <, > குறிகள் அமெரிக்கப் பழங்குடியினரின் பச்சைகுத்து அடையாளத்திலிருந்து வந்தவையாமே?

பதில்: கதை ருசியானது, சான்றுதான் நோஞ்சான். இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் 1585-இல் ரோனோக் தீவுக்குப் போனது உண்மை. அங்குள்ளவர்கள் முதுகில் குத்திக்கொண்ட அடையாளங்களின் படம் அவர் நூலின் 1590 பதிப்பில் இருப்பதும் உண்மை. அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1631-இல் வந்த இயற்கணித நூலில் இந்தக் குறிகள் அச்சேறின. இரண்டையும் யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆனால் ஹாரியட்டின் கையெழுத்துப் படிகளில் குறிகளின் வடிவமே வேறு; இந்தக் கூர்மூக்கு பதிப்பித்தவர்கள் கைவண்ணம். அப்படியானால் பச்சை குத்தியிருந்தது பதிப்பாளர் முதுகிலா?

குறியைவிடக் கருத்துக்குத்தான் வயது அதிகம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ், வட்டத்துக்கு உள்ளும் புறமும் 96 பக்க உருவங்களைப் பொருத்தி, பை 223/71-ஐவிடப் பெரிது, 22/7-ஐவிடச் சிறிது என்று நிறுவினார். அசல் கூட்டு அசமன்பாடு! நம் பிள்ளைகள் பையின் மதிப்பு என்றே மனப்பாடம் செய்யும் 22/7 உண்மையில் வலப்பக்க வேலி. எண்கோட்டில் அங்கே திறந்த வட்டம்தான் போட வேண்டும். (இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.) ஆக, அசமன்பாடு சொல்வது ஓர் எண் எங்கே இருக்கிறது என்பதை.

கேள்வி: பெரிய எண்ணைத் தின்ன வாய் திறக்கும் முதலை என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறதே?

பதில்: 3-ஐயும் 7-ஐயும் ஒப்பிடும் வயதில் புரியும், மறுக்கவில்லை. −5-ஐயும் −2-ஐயும் வைத்தால் அதே முதலை 5 இருக்கும் பக்கம் பாய்ந்துவிடும். −1 ≤ 5 − 2க < 9 என்பதைத் தீர்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் 5-ஐக் கழித்தால் −6 ≤ −2க < 4. அடுத்து −2-ஆல் வகுக்க, குறிகள் திரும்பி −2 < க ≤ 3 ஆகிறது. ஏன் திரும்பின? குறை எண்ணால் வகுக்கும்போது எண்கோடே சுழியத்தை நடுவாக வைத்து இடம் வலம் மாறுகிறது. பசியை வைத்து இதை விளக்க முடியாது. கோட்டை வரைந்தால் கண்ணுக்கே தெரியும். −2-இல் திறந்த வட்டம், 3-இல் நிரப்பிய வட்டம், நடுவே தடித்த கோடு.

வரைந்து பழகாதவர்கள் ‘க < −2 அல்லது க > 3’ என்பதைச் சிக்கனமாக 3 < க < −2 என்று எழுதிவிடுவார்கள். நடுவில் இருக்கும் ‘க’வை மறைத்துப் படித்தால் 3, −2-ஐவிடச் சிறிது என்றாகிறது. முதலை அதையும் விழுங்கும்.