உடையும் அணியும்: செலவின் அளவறிதல்

முன்னுரை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் நாட்டு வழக்கு. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதும் நம் வழக்கே. முன்னது ஆடையின் மதிப்பை உயர்த்துகிறது. பின்னதோ மதிப்பு விலையில் இல்லை, தூய்மையில் உள்ளது என்கிறது. இவ்விரண்டிற்கும் இடையில் நின்றே ஒவ்வொரு குடும்பமும் துணிக்கடையின் படியேறுகிறது. எதற்கு மிகுதியாகச் செலவிடலாம், எதற்குக் குறைத்துக்கொள்ளலாம் என்பதை விலைச்சீட்டு நமக்குக் கூறாது. எத்தனை நாள் பயன்படும், எதனால் ஆனது, எவர்க்குச் சுமை என்னும் மூன்று வினாக்களே அதனைக் கூறவல்லன. அவற்றை ஈண்டு ஒவ்வொன்றாக நோக்குவோம்.

எத்தனை நாள் பயன்படும்?

ஒரு பொருளின் மெய்யான விலை, கடையில் நாம் எண்ணிக் கொடுக்கும் தொகையன்று. அத்தொகையை, அப்பொருள் உழைக்கும் நாள்களால் வகுத்தால் கிடைப்பதே ஆகும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாணவர் ஒருவர் 400 ரூபாய்க்குச் செருப்பு வாங்குகிறார். 100 நாள்களில் அது வாரறுந்து போகிறது. நாளொன்றுக்கு 4 ரூபாய் ஆகிறது. மற்றொருவர் 1,000 ரூபாய்க்கு வாங்குகிறார். இடையில் 100 ரூபாய் கொடுத்து அடிப்பாகத்தை மாற்றிக்கொள்கிறார். 400 நாள் அது உழைக்கிறது. நாளொன்றுக்கு 3 ரூபாயினும் குறைவே. விலை மிகுந்தது இங்கே மலிவாகிவிடுகிறது.

இதே கணக்கு மறுதலையாகவும் இயங்கும். 12,000 ரூபாய்ப் பட்டுச்சேலை ஆறுமுறை மட்டுமே உடுத்தப்பட்டுப் பேழையில் உறங்குமாயின், ஒரு முறைக்கு 2,000 ரூபாய் ஆகிறது. 900 ரூபாய்க் கைத்தறிச்சேலை 90 முறை உடுத்தப்பட்டால் ஒரு முறைக்கு 10 ரூபாயே. ஆதலின் நாள்தோறும் நம்மைத் தாங்குவனவாகிய செருப்பு, மூக்குக்கண்ணாடி, புத்தகப்பை, அன்றாட உடுப்பு ஆகியவற்றிற்குச் சற்று மிகுதியாகச் செலவிடுவது சிக்கனமே. ஒரு நாள் காட்சிக்கு மட்டும் உரியனவற்றில் கையை இறுக்குவதே அறிவுடைமை. வளரும் குழந்தையின் உடுப்பில் உள்மடிப்பு விட்டுத் தைத்து, மறு ஆண்டு பிரித்து நீட்டித் தந்த நம் அன்னையர், வகுத்தல் கணக்கைப் பள்ளியில் பயிலாமலே அறிந்திருந்தனர்.

எனினும் இக்கணக்கில் ஒரு துயரம் உண்டு. 1,000 ரூபாயை ஒருங்கே எடுத்துவைக்க இயலாதவர் 400 ரூபாய்ச் செருப்பையே நான்கு முறை வாங்குகிறார். 400 நாள்களில் 1,600 ரூபாயை இழக்கிறார். அறியாமையால் அவர் அவ்வாறு செய்கிறார் எனக் கருதுவது பிழை. கையில் முதல் இல்லாமையே அவரை மிகுதியாகச் செலவிடச் செய்கிறது. ஏழை மாணவர்க்கு உதவ விழையும் பெரியோர், விழாநாள் புத்தாடையோடு நல்லதொரு செருப்பையும் வழங்குவாராயின், அவ்வுதவி ஆண்டு முழுவதும் நடந்துகொண்டிருக்கும்.

எதனால் ஆனது?

சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தோற்றத்தால் ஒத்திருந்தன. உள்ளிருந்த பரல்களே வேறு. ஒன்றில் முத்து, மற்றொன்றில் மாணிக்கம். உடைத்த பின்னரே உண்மை புலனாயிற்று. அதற்குள் ஓர் உயிர் போயிற்று. வாங்குவதற்கு முன்பே உள்ளீட்டை அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

பட்டை எடுத்துக்கொள்வோம். தூய சரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளிக்கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசப்பெற்றது. பழம்பட்டு வாங்குவோர் நைந்த சேலைக்கும் விலை தருவது அவ்வெள்ளியின் பொருட்டே. செம்பையும் செயற்கை இழையையும் கொண்ட போலிச் சரிகைக்கு அம்மதிப்பு இல்லை. இழையொன்றைப் பிரித்து எரித்தால், தூய பட்டு மயிர் கருகும் மணம் தந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் தொடங்கிய 'சில்க் மார்க்' முத்திரை, தூய பட்டை அடையாளம் காண உதவுவது. தூயதன்று என அறிந்தே குறைந்த விலைக்கு வாங்குவதில் இழுக்கில்லை; தூயதன் விலை கொடுத்துப் போலியைப் பெறுவதே இழப்பு.

பருத்தியிலும் இவ்வாறே. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதே நூலின் எண். 40-ஆம் எண் நூலினும் 100-ஆம் எண் நூல் மெல்லியது. மென்மையை விரும்புவோர் அதற்குரிய விலையைத் தரலாம். எனினும் மெல்லியது என்பதனாலேயே அன்றாட உழைப்பைத் தாங்கும் எனக் கொள்ளலாகாது.

அணிகலனில் இவ்வறிவு இன்னும் இன்றியமையாதது. 22 காரட் பொன்னில் நூற்றுக்கு 91.6 பங்கு தூய தங்கம் உண்டு. தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட தனி அடையாளமும் வேண்டப்படுகிறது. முத்திரை தங்கத்தின் தூய்மையைக் காக்கும். செய்கூலியையும் சேதாரத்தையும் நமக்கு மீட்டுத் தராது. இவ்விரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 12 எனக் கொண்டால், 8 கிராம் எடையுள்ள ஒரு பவுனில் ஏறத்தாழ ஒரு கிராமின் விலை, வாங்கிய அன்றே கரைந்துவிடுகிறது. சேமிப்புக்காக நகை வாங்குவோர் வேலைப்பாடு குறைந்ததைத் தேர்வதே நன்று. வேலைப்பாட்டை விரும்பி வாங்குவோர், அழகுக்குத் தரும் விலை அது என்று அறிந்தே தருதல் வேண்டும்.

எவர்க்குச் சுமை?

மேற்கூறிய இரு வினாக்களும் வாங்குபவரைப் பற்றியன. மூன்றாவது வினா, அருகில் நிற்பவரைப் பற்றியது.

சில ஆண்டுகட்கு முன்னர் நாம் பொறுப்பேற்றிருந்த வகுப்பொன்றில், விழாநாளன்று மாணவியர் அனைவரும் ஒரே நிறப் பட்டுச்சேலையில் வருவதென முடிவு செய்தனர். அழகாகத்தான் இருக்கும் என நாமும் இசைந்தோம். அன்று பேச்சுப்போட்டியில் பரிசு பெறவேண்டிய மாணவி வரவில்லை. காய்ச்சல் என்றனர். அவர் தந்தை, சேலைக்காகக் கடன் கேட்டு இரு வீடுகளுக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்பினார் என்பதைப் பின்னரே அறிந்தோம். பரிசை அவர் கையில் மறுவாரம் கொடுத்தோம். மேடையில் அவர் பெறவேண்டிய கைதட்டலை எம்மால் கொடுக்க இயலவில்லை. எவரும் அவரை இகழவில்லை. எவரும் தீங்கு நினைக்கவில்லை. வினவாமல் இசைந்த எம் தவறே அது. அன்று முதல் எம் விழாக்களில் 'உள்ளதில் தூயதை உடுத்தி வருக' என்பதே விதி.

திருமண வீடுகளிலும் நிகழ்வது இதுவே. ஒரு குடும்பம் உயர்த்தும் அளவு, அடுத்த குடும்பத்திற்கு முறையாகிவிடுகிறது. உடைக்கும் அணிக்குமாக 50,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்குவோர், மாதம் 1,500 ரூபாய் வட்டி தருகின்றனர். ஓராண்டில் வட்டி மட்டும் 18,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். ஒரு நாள் உடுத்த சேலைக்காக, தம்பியின் கல்விக்கட்டணம் தவணை தவறுமாயின், அச்சேலையின் விலையை யார் கணக்கிட வல்லார்? கடன் வாங்கி உடுப்பதில்லை என்னும் ஒரே உறுதி, பல குடும்பங்களைக் காக்கும். ஆயின் இவ்வுறுதியை வறியவர் தனித்து மேற்கொள்ளுதல் அரிது. வசதியுடையோர் முதலில் தம் அளவைக் குறைத்துக் காட்டினாலன்றி, இல்லாதோர் குறைத்துக்கொள்ளும்போது அது இழிவாகவே பேசப்படும்.

நிறைவுரை

உலகாளும் வேந்தனுக்கும் இரவும் பகலும் உறங்காது விலங்கினைத் தேடும் வேட்டுவனுக்கும் உடுப்பதற்கு வேண்டுவன இரண்டே என்பது புறநானூற்றின் 189-ஆம் பாட்டில் நக்கீரனார் காட்டும் உண்மை. மிகுந்த பொருளின் பயன் பிறர்க்கு வழங்குதலே என்றும் அவர் உணர்த்துகிறார். ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆடவர் அனைவரும், செல்வரும் வறியரும் வேறுபாடின்றி, தைக்கப்படாத இரு துணிகளையே இஹ்ராமாக உடுத்துகின்றனர் என்பதும் ஈண்டு எண்ணிப் பார்க்கத்தக்கது.

நாள்தோறும் உழைப்பதற்கு மனமாரச் செலவிடுவோம். உள்ளீடு அறிந்து செலவிடுவோம். நம் உடை பிறர் வீட்டுக் கதவைச் சாத்தும் எனின், அதனைக் குறைத்துக்கொள்வோம். அடுத்த விழாவில் எம் மாணவர் எவரும் உடையின் பொருட்டு வராமல் இருந்துவிடலாகாது.