கோட்டின் முனையைப் பாருங்கள்

டேட்டாபேஸ் பழகுபவர்கள் பெட்டி பெட்டியாக இருக்கும் ரிலேஷன்ஷிப் படத்தைப் பார்த்ததும் மிரண்டு மூடிவிடுவார்கள். அக்சஸோடு வந்த பழைய நார்த்விண்ட் மாதிரி டேட்டாபேஸைத் திறந்து வைத்துக்கொண்டு இவற்றைச் செய்து பாருங்கள்.

1. க்வெரி எழுத உட்காரும் முன் 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பகுதியில் 'ரிலேஷன்ஷிப்ஸ்' பட்டனை அழுத்துங்கள். ஒரு பெட்டி என்பது ஒரு டேபிள். பெட்டிகளைத் தோதான இடத்துக்கு இழுத்து வைக்கலாம். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது.

2. கோட்டின் இரு முனைகளையும் படியுங்கள். கஸ்டமர்ஸ் பக்கம் 1, ஆர்டர்ஸ் பக்கம் படுத்த எட்டு. ஒரு வாடிக்கையாளர் எத்தனை ஆர்டர் வேண்டுமானாலும் தரலாம். ஓர் ஆர்டருக்கு வாடிக்கையாளர் ஒருவர்தான். வேறு சில கருவிகளில் படுத்த எட்டுக்குப் பதிலாக மூன்றாகப் பிரியும் காக்கைக்கால் குறி இருக்கும். பொருள் ஒன்றே.

3. முனையில் குறியே இல்லாத மெல்லிய கோடா? உஷார். இல்லாத வாடிக்கையாளரின் பேரில்கூட ஆர்டர் ஏறிவிடும். கோட்டை டபுள் கிளிக் செய்து 'என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி'யை டிக் செய்யுங்கள். அக்சஸ் மறுத்தால், அப்படிப்பட்ட ரெக்கார்டு ஏற்கெனவே நுழைந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

4. ஆர்டர்ஸையும் ப்ராடக்ட்ஸையும் நேராக இணைக்கும் கோடு இல்லை. நடுவில் ஆர்டர் டீடெயில்ஸ் நிற்கிறது. படுத்த எட்டு இரண்டும் அதன் பக்கம்தான். விலை ப்ராடக்ட்ஸிலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறதே என்று ஒன்றை அழித்துவிடாதீர்கள். அது இன்றைய விலை, இது விற்ற அன்றைய விலை.

5. கூட்டுத்தொகை போடும்போதுதான் படம் உண்மையாகக் கைகொடுக்கும். சரக்குக் கட்டணம் ஆர்டர்ஸில் ஆர்டருக்கு ஒருமுறைதான் பதிவாகிறது. ஆர்டர் டீடெயில்ஸோடு ஜாயின் செய்துவிட்டுக் கூட்டினால், மூன்று பொருள் வாங்கிய ஆர்டரின் கட்டணம் மூன்று முறை சேரும். நார்த்விண்டில் 830 ஆர்டர்கள், அவற்றுக்கு 2155 டீடெயில் ரெக்கார்டுகள். மொத்தம் எப்படி வீங்கும் என்று யோசியுங்கள். எர்ரர் எதுவும் வராது என்பதுதான் வம்பு. 1 இருக்கும் பக்கத்துத் தொகையை, படுத்த எட்டுப் பக்கம் போவதற்கு முன்பே கூட்டிவிடுங்கள்.

6. 'எத்தனை வேண்டுமானாலும்' என்பதில் பூஜ்யமும் சேர்த்தி. 91 வாடிக்கையாளர்களில் 2 பேர் ஆர்டரே தரவில்லை. சாதாரண ஜாயினில் அவர்கள் காணாமல் போவார்கள். எல்லோரும் பட்டியலில் வேண்டுமென்றால் லெஃப்ட் ஜாயின் போடுங்கள்.

7. எம்ப்ளாயீஸ் டேபிளில் ஒருவருக்கு மேலதிகாரி யார் என்று சொல்லும் ஃபீல்டு இருக்கிறது. மேலதிகாரியும் அதே டேபிளில்தான். இதை இணைக்கும்போது 'எம்ப்ளாயீஸ்_1' என்று இன்னொரு பெட்டி தெரியும். புது டேபிள் என்று பதற வேண்டாம்.

8. படம் நெரிசலாக இருந்தால் டேபிளை ரைட் கிளிக் செய்து 'ஹைட் டேபிள்' கொடுங்கள். கோட்டைத் தேர்வு செய்து டெலீட் மட்டும் அழுத்தாதீர்கள், உறவே போய்விடும்.

9. மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கு வொர்க்பெஞ்சின் 'ரிவர்ஸ் இன்ஜினியர்' படத்தைத் தானே வரைந்து தரும். ஃபாரின் கீ போடாத பழைய டேட்டாபேஸ் என்றால் பெட்டிகள் கோடில்லாமல் தனித்தனியாக வந்து நிற்கும். அப்போது பிரின்ட் எடுத்து, ஐடி என்று முடியும் ஃபீல்டுகளைத் தேடி, கோடுகளைப் பென்சிலால் நீங்களே போடுங்கள். பேனா வேண்டாம், பாதி ஊகம் தப்பாகப் போகும்.